சேவுக்கடையில் என் கை

ஆவணி, ஞாயிறு

இன்று சிவகாசிச் சந்தைக்குப் போயிருக்கவே கூடாது. பட்டாசுக் கம்பெனியில் வெடித்து, கூட வேலை பார்த்த பேச்சி செத்துப்போன நாளிலிருந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்கு இது தேவலை என்று புதுப்பட்டியில் பஸ் ஏறிவிட்டேன்.

கொஞ்ச நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. மல்லித்தழை வாசம், கத்திரிக்காய்க் குவியல், கலர் கலராய்க் கண்ணாடி வளையல். நானும் பேச்சியும் வளையலையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுகூட வாங்காமல் நகர்வோம். கடைசியில் பாய் கடைக் காரச்சேவு. எத்தனை சோப்புப் போட்டாலும் எங்கள் கையில் வெடிமருந்து போகாது. விரலெல்லாம் வெள்ளி பூசின மாதிரி மினுங்கும். அதனால் ருசி பார்க்க பாய் கையில் தரமாட்டார். காகிதத்தில் மடித்து நேராக வாயில் கொட்டுவார். பேச்சி சிரித்துப் பாதியைச் சிந்திவிடுவாள்.

இன்றும் பழக்கத்தில் அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

"கையிலயே வாங்கிக்கோங்கம்மா," என்றார் பாய். "கைதான் நல்லா வெளுத்துருச்சே. கம்பெனி இன்னும் திறக்கலையாக்கும்? கூட வர்றவுக எங்கன?"

பாவம், அவருக்குத் தெரியாது. அவர் மேல் கோபமில்லை. இந்தக் கை மேல்தான்.

வாங்கிய சேவு பிரிக்காமல் கிடக்கிறது. விளக்கடியில் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். நகக்கண்ணில்கூட ஒரு பொட்டு இல்லை. நானும் அவளும் ஒரே தட்டில் அள்ளிய மருந்து. எந்த நாள் குளித்தபோது அதுவும் போனதென்று தெரியவில்லை.