அவர் காதிலிருந்த குரல்

அக்காவுக்கு,

இல்லை, கடவுள் போதகரிடம் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். நீங்களெல்லாம் வாசலில் எழுதிப் போடும் வேண்டுதல் சீட்டுகளைப் படித்து, அவர் காதிலுள்ள கருவியில் சொல்வதுதான் சபை அலுவலகத்தில் என் வேலை.

அன்று கூட்டத்தில் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு வந்தது. அலுவலகத் திரையில் உன்னைத் தேடிப் பார்த்து, “மூன்றாம் வரிசை, பச்சைச் சேலை, மகனுக்கு வலிப்பு” என்றேன். உனக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். மாத்திரையை நிறுத்தச் சொல்வார் என்று நினைக்கவில்லை.

போனில் கேட்டாயே, “படிச்ச திமிருடி உனக்கு. அவருக்கு எப்படித் தெரிஞ்சுது, சொல்லு பாப்போம்?” என்று. போனை வைத்ததும் அத்தானைக் கூப்பிட்டேன்.

“நேத்து அவனுக்கு ரெண்டு தடவை வந்துச்சு. அவ மாத்திரையத் தொடவே விடல” என்றார் அத்தான்.

உன் சீட்டையும் இதனுடன் வைத்திருக்கிறேன். மாத்திரை வாங்கி, இந்தக் கடிதத்தோடு அத்தானிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தங்கை