காசிம் பாய்க்குச் சொன்ன பொய்

12-8-1966, வெள்ளி, இரவு.

இன்று காசிம் பாயிடம் பொய் சொன்னேன். பரங்கிப்பேட்டைக்காரர், எண்பதை நெருங்குகிறவர். நிமோனியாவோடு கடலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தவரை ஊசி போட்டுப் பிழைக்க வைத்தோம். காய்ச்சல் போய் இரண்டு மாதமாகியும் தள்ளாமை போகவில்லை. மகன்கள் மலேயாவில், வீட்டில் பார்க்க ஆளில்லை. வார்டில் பாதிக் கட்டில்களில் இப்படிப்பட்ட கிழவர்கள்தான். காலையில் டைபாய்டு கண்ட ஒருவன் தரையில் கிடந்தான். அவனுக்குக் கட்டில் வேண்டும்.

"பூரா கொணமாயிடுச்சி பாய், வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வரச் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினால், உட்கார இடமில்லை; அவர் உட்கார்ந்திருக்கிறார். என்னைக் கண்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நாள் பூரா நின்ன காலு, உக்காருங்க டாக்டரு."

'உங்களால் நிற்க முடியாது' என்று நான் சொன்னால் காலையில் சொன்னது பொய்யாகிவிடும். பஸ்ஸே பார்த்துக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்தேன்.

பரங்கிப்பேட்டை ரோடு பிரிகிற இடத்தில் அவர் இறங்கும்வரை, நடுங்குகிற அவர் கால் என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.