பாப்பாவுக்கு ஆகாத பால்

அண்ணா,

இன்று காலை எங்கள் புடவைக் கடையில் பட்டு நூல் கருகிய வாசனை வந்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. பால்காரனை நினைக்கப் பால் பொங்கும் வாசனையல்லவா வேண்டும் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் பால் பொங்கி ஏழு வருஷம் ஆகிறது. முகூர்த்தப் புடவை எடுக்க வந்த ஒரு அம்மா, "இது அசல் பட்டுன்னு எப்படிங்க நம்பறது?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் முந்தானை ஓரத்தில் ஒரு இழையை உருவிக் கொளுத்தி அவர் மூக்கருகில் நீட்டினார். மயிர் கருகுகிற நாற்றம். முகத்தைச் சுளித்துக்கொண்டே நாலு புடவை எடுத்தார்.

எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாத ஊர் நம்முடைய ஆரணி. அந்தப் புத்திதான் உங்களைப் பாடாய்ப் படுத்தியது.

பாப்பாவுக்கு ஒரு வயது முடிந்த வாரம் அது. அதுவரை தாய்ப்பாலும் இட்லியும் பருப்புச் சோறும்தான். நான் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புடவைகளுக்கு பார்டர் டிசைன் போட வேண்டியிருந்ததால் பசும்பால் பழக்கலாம் என்று முடிவு செய்து, தெருவுக்கே பால் ஊற்றும் உங்களிடம் அரை லிட்டர் கூடுதலாகச் சொன்னேன். முதல் நாள் நாலு வாய் குடித்தாள். கால் மணி நேரத்தில் கன்னத்திலும் முதுகிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. குடித்ததையெல்லாம் என் மேலேயே கக்கினாள். கொசுக்கடி என்று நினைத்தேன். மறுநாளும் அந்தக் கொசு, பால் குடித்துச் சரியாகக் கால் மணி நேரம் கழித்து வந்தது.

மூன்றாம் நாள் நீங்கள் ஹாரன் அடித்ததும் வாசலுக்கு வந்தேன். வந்தவள் வாயை அடக்கியிருக்கலாம்.

"பால்ல இன்னாண்ணா கலக்குறீங்க? புள்ளைக்கு ஒடம்பெல்லாம் தடிச்சிப் போச்சி. கொளத்துத் தண்ணியா, பவுடரா?"

பால் வாங்க நின்றிருந்தவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள். "முப்பது வருசமா ஊத்திகினு இருக்கேம்மா. ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்றீர்கள். அன்றைக்கே நாலு வீடு பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டது.

அடுத்த நாள் மாட்டையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். உங்கள் ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில். அந்தச் செவலை மாடு எங்கள் வாசலுக்கு வந்து முதல் காரியமாக என் கோலத்தின் மேல் சாணி போட்டது. "ஒன் பாத்திரத்த எடுத்தா. ஒன் கையால கழுவிகினு வா" என்றீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் தறிச் சத்தம் நின்றது. தெருவே கூடி நிற்க, நீங்கள் கறந்தீர்கள். எதிர்வீட்டு சரிகை வியாபாரி நுரையை விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, "சுத்தமான பாலு" என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்தச் சுத்தமான பாலைக் காய்ச்சி ஆறவைத்து இரண்டு ஸ்பூன்தான் கொடுத்தேன். உதடு பணியாரம் போல வீங்கிவிட்டது. கண்கள் இடுங்கிவிட்டன. மாட்டுக் கயிற்றை சரிகைக்காரர் கையில் திணித்துவிட்டு, டாக்டர் வீட்டுக்கு எங்கள் ஆட்டோவிலேயே ஏறி வந்தீர்கள். வழியெல்லாம் பாப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டே வந்தீர்கள். அது எனக்கு மறக்கவில்லை.

டாக்டர் ஊசி போட்டார். வீக்கம் வடிந்ததும் எனக்கு உயிர் வந்தது. "பால்ல ஒரு கலப்படமும் இல்லம்மா. பசும்பாலே இந்தக் குழந்தைக்கு ஆகல. அதுல இருக்கற புரதத்த உடம்பு ஏத்துக்கல. தண்ணி கலந்தாலும் ஒண்ணுதான், கலக்கலன்னாலும் ஒண்ணுதான்" என்றார்.

நீங்கள் விடவில்லை. "எருமப் பாலு?"

"கூடாது."

"ஆட்டுப் பாலு?"

"அதுவும் கிட்டத்தட்ட இதேதாங்க."

கொஞ்சம் தயங்கினீர்கள். "கழுதப் பாலு? வேலூர் பக்கத்துலேர்ந்து ஒருத்தன் ஓட்டிகினு வரான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இன்னும் எத்தனை மிருகம் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: தாய்ப்பால் தொடரட்டும், கேழ்வரகு, முட்டை, மீன், கீரை, எள் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள், சோயா பால் சில குழந்தைகளுக்கு ஆகாது, என்னைக் கேட்காமல் வேண்டாம், பிஸ்கட் வாங்கினால்கூட அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள். "பால் இல்லாமலே நல்லா வளரும்" என்று முடித்தார். முப்பது வருஷம் பால் ஊற்றியவர் முன்னால் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் நீங்களே சிரித்துக்கொண்டு வந்து டாக்டர் சீட்டைக் கேட்டீர்கள். அதை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனீர்கள்.

"தோ பாருங்க, டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. பசும்பாலு குடிச்சா பாப்பாவுக்கு தடிக்கும். எம்பாலு குடிச்சி தடிச்சிது. அப்போ இன்னா அர்த்தம்? பட்டுக்கு நூலக் கொளுத்திப் பாக்கறீங்க இல்ல, எம்பாலுக்கு பாப்பா."

போன நாலு வீடும் திரும்பி வந்தது. புதிதாக ஆறு வீடு சேர்ந்தது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அதோடு என் தப்பு தீர்ந்தது என்று நினைத்து, மன்னிப்பை அப்படியே விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சரிகைக்காரர் கையில் ஒரு டம்ளரோடு வந்தார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. குளித்து விபூதி பூசிக்கொண்டுதான் வந்தார். "புதுசா ஒருத்தன் பால் ஊத்தறேங்கறான். ஒரே ஒரு சொட்டு பாப்பா நாக்குல வெச்சிப் பாத்துடறேன். தடிச்சா நல்ல பாலு, வாங்கிக்கலாம்" என்றபடியே விரலை டம்ளரில் நனைத்துவிட்டார். நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள், தெருவில் மாதக் கணக்கு வசூலித்தபடி நோட்டோடு எங்கள் வாசலில் நின்ற நீங்கள் பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டீர்கள். டம்ளர் தெரு வரைக்கும் உருண்டது.

"புள்ள உசுரு போயிடும்யா" என்று கத்தினீர்கள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நீதானேய்யா சொன்ன, பாப்பாதான் டெஸ்ட்டுன்னு?"

தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டீர்கள்.

மறுநாள் காலை வண்டியை நிறுத்தினீர்கள். கேனைத் திறக்கவில்லை. எல்லாரும் பாத்திரத்தோடு வந்து நிற்கும்வரை காத்திருந்தீர்கள்.

"நான் பொய் சொல்லிட்டேன். எம்பால்ல தண்ணி ஊத்திகினுதான் வரேன். பாதிக்குப் பாதி. அந்தத் தண்ணிப் பாலுக்கே பாப்பாவுக்கு தடிச்சிச்சி. நல்ல பாலு எது, கெட்ட பாலு எதுன்னு அதுக்குத் தெரியாது. இனிமே அது கிட்ட எவனும் பாலக் கொண்டாந்து டெஸ்ட் பண்ணாதீங்க."

"அன்னிக்கி மாட்ட ஓட்டியாந்து கறந்தியே?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது அன்னிக்கி மட்டும்" என்றீர்கள்.

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். இல்லை, பொய், இவர் பாலில் தண்ணீரே கிடையாது என்று கத்தவேண்டும் போலிருந்தது. நீங்கள் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தீர்கள். அன்றொரு நாள் மூட வேண்டிய வாயைத் திறந்தவள், அன்று திறக்க வேண்டிய வாயை மூடிக்கொண்டேன். பாப்பாவுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்ற பயம்தான் காரணம். பத்து வீடு உங்கள் பாலை நிறுத்தியது.

எங்களுக்குச் சொட்டுப் பால் வேண்டாம் என்றாலும் அதன் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தீர்கள். பால் படாத தனித் தூக்குவாளி ஒன்று வாங்கி, அதில் உங்கள் நிலத்துக் கேழ்வரகும் முருங்கைக் கீரையும் முட்டையும் கொண்டு வருவீர்கள். வாசல் குழாயில் இரண்டு முறை சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகுதான் பாப்பாவைத் தூக்குவீர்கள். ஒரு முறை நான் கேழ்வரகை ஊறவைத்து அரைத்துப் பிழிவதை எட்டிப் பார்த்தீர்கள். "இதுலயும் பாலு வருது. சாணியும் போடல, ஒதைக்கவும் இல்ல" என்று ஒரே ஆச்சரியம். பாப்பாவைத் தூக்கி எடை பார்ப்பீர்கள். "பாலே இல்லாம ஏறிகினே போவுதே. எங்க பொழப்புக்கே பேஜாரு புடிச்ச பொண்ணு" என்று சந்தோஷமாக அலுத்துக்கொள்வீர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, கறந்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள். உங்கள் வீட்டு வாசலில் தெருக்காரர்கள் எல்லாரும் இருந்தோம். சரிகைக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தங்கமான மனுசன். பால்ல மட்டும்தான் கொஞ்சம் தண்ணி" என்றார். எனக்குத் தாங்கவில்லை. நடந்ததையெல்லாம் அங்கேயே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவரே வாயால சொன்னாரேம்மா. போனவர வுட்டுக்குடுக்கக் கூடாதுன்னு நீ சொல்ற. ஒனக்கு நல்ல மனசு" என்று என்னைத் தேற்றினார்.

பாப்பாவுக்கு இப்போது எட்டு வயது. மாவோடு வெந்த பால் கொஞ்சம் ஒத்துக்கொள்கிறது என்று டாக்டர் சொல்கிறார். காய்ச்சிய பாலுக்கு இன்னும் நாள் இருக்கிறதாம். போன வாரம் அவளிடம் உங்கள் கதையை முழுக்கச் சொன்னேன்.

"எனக்காகவா பொய் சொன்னாரு?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். உடனே எழுந்து நேராக எதிர்வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். சரிகைக்காரர் முன்னால் நின்று, "பால் தாத்தா பால்ல தண்ணியே இல்ல. யாராவது பால வெச்சிப் பாத்து எனக்கு மறுபடி வாய் வீங்கிடக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னாரு" என்றாள். நான் எத்தனையோ முறை சொல்லியும் நம்பாத மனிதர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆமா தாயி, என் வெரல்லதான் பாலு இருந்திச்சி" என்றார்.

ஒரு வீடு நம்பிவிட்டது அண்ணா. மிச்சம் ஒன்பது வீடு இருக்கிறது. உங்களிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பை, பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.