எல், ஐ என்று நின்ற திரைகள்

சார்,

உங்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை வேங்கிக்கால் பஸ் ஸ்டாப் சுவரில் பார்த்தேன். பசை இன்னும் காயவில்லை, வாடை மூக்கில் ஏறியது. ‘பண்பின் சிகரமே’ என்று போட்டிருந்தார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறந்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நம் கல்லூரி லேபில் இரண்டு கட்சி. நீங்கள் டெபியன், நான் ஸ்லாக்வேர். இரண்டும் கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸின் வகைகள்தான், ஆனால் நமக்குள் மாமியார் மருமகள் சண்டை. நீங்கள் லேப் இன்சார்ஜ். நான் புரோகிராமர் என்ற பெயரில் எடுபிடி. மிஷின்களில் பாதி உங்கள் பொறுப்பு, பாதி என் பொறுப்பு. மலிவாகக் கிடைத்தது என்று தாளாளர் வாங்கிப் போட்ட நெட்வொர்க் கார்டை எந்த மிஷினும் கண்டுகொள்ளவில்லை. லினக்ஸின் உயிர்நாடியான கெர்னலை மூல நிரலிலிருந்து நாமே கம்பைல் செய்து, அந்தக் கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராமை உள்ளே சேர்த்தால்தான் உண்டு. அங்கீகாரத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன் வரவிருந்தது. லேப் நல்லபடியாக ஓடினால் என் வேலையை பர்மனன்ட் ஆக்குவதாகத் தாளாளர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

காலையில் ‘மேக்’ என்று கட்டளை தட்டினால் கம்பைல் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் முடியும். ஒவ்வொரு மிஷினாக நான் உட்கார்ந்து கம்பைல் செய்வதைப் பார்த்து நக்கலடிப்பீர்கள்.

“ஏம்மா, ஒண்ணொண்ணா தோசை ஊத்திக்கினு இருக்கே? ஒரு மிஷின்ல பண்ணி மீதிக்கு காப்பி அடிச்சிட்டா போச்சு.”

“உங்க டெபியன் ஊட்டி விடும் சார். இங்க நாமதான் எடுத்து சாப்பிடணும்” என்பேன்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். மிஷினை ஆன் செய்ததும் கெர்னலைத் தேடி எழுப்புகிற சின்ன புரோகிராம் லைலோ. கெர்னல் இருக்கிற இடத்தில் எதையாவது மாற்றினால் லைலோவை மறுபடி ஒருமுறை ஓட்டியாக வேண்டும். டெபியனில் கெர்னலை பேக்கேஜாகப் போட்டால் அதுவே கேட்டு ஓட்டிக்கொள்ளும். ஸ்லாக்வேரில் நம் கையால்தான் ஓட்ட வேண்டும். டெபியனிலேயே பழகியவருக்கு அது மறந்துபோகும். எனக்கு மறக்காது.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் சேர்ந்தால் பஸ் நின்றுவிடும் என்று மதியமே அடி அண்ணாமலையில் இருக்கும் வீட்டுக்குக் கிளம்பினேன். என் மிஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. நீங்கள் லேபில் இருந்தீர்கள்.

மறுநாள் காலையில் என் மிஷின்கள் அத்தனையும் கறுப்புத் திரையில் ‘எல், ஐ’ என்று இரண்டு எழுத்தோடு நின்றன. லைலோ என்று முழுசாகச் சொல்லக்கூடத் தெம்பில்லை. உங்கள் டெபியன் மிஷின்கள் ஜம்மென்று ஓடின. ஒன்றைப் பிளாப்பி போட்டு எழுப்பிப் பார்த்தேன். கெர்னல் இருக்கிற பூட் டைரக்டரியில் என்னுடையது ஒன்றுமில்லை, முழுக்க உங்கள் டெபியன் சரக்கு. எல்லா மிஷினிலும் ஒரே வெர்ஷன் காட்ட வேண்டும் என்ற ஆசையில் அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு, லைலோவை ஓட்டாமல் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். திரும்பி உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை.

“கொஞ்சம் டைம் குடுங்க சார், எல்லாத்தையும் எழுப்பிடறேன்” என்றேன். தாளாளர் அதற்குள் வந்துவிட்டார்.

“இந்த மிஷின்லாம் யாரோடது?”

“இந்தப் பொண்ணோடதுங்க” என்று பளிச்சென்று சொன்னீர்கள். பொய் இல்லை பாருங்கள்! அப்புறம் என் கையிலிருந்த பிளாப்பியை வாங்கிக்கொண்டு, “போதும்மா, நீ கை வச்சது போதும்” என்றீர்கள்.

அன்று சாயங்காலமே என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என் பக்கத்தை யாரிடம் சொல்வது? அந்த இரண்டு எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் கல்லூரியில் நீங்களும் நானும்தான். வேறொரு கல்லூரிக்கு இன்டர்வியூ போனேன். “இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு லேபைக் கவுத்தது நீங்கதானே?” என்று சிரித்தார்கள். இப்போது கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு கடையில் மனு டைப் அடிக்கிறேன். கெர்னல் என்ற பேச்சே அங்கே கிடையாது.

நேற்று உங்கள் வீட்டுக்குப் போனேன். துக்கம் கேட்க இல்லை. உண்மையிலேயே போய்விட்டீர்களா என்று பார்க்கத்தான். நான் யார் என்று சொன்னதும் உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரொம்ப சொல்வாரும்மா. அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல, நான்தான் காப்பி போட்டு கெடுத்துட்டேன்னு. சொல்லி சொல்லி மாய்ஞ்சு போவாரு.”

ஆக, சொல்ல வந்திருக்கிறது உங்களுக்கு. இத்தனை வருஷம், உங்கள் வீட்டு அடுப்படியில். தாளாளர் அறை உங்கள் லேபுக்கு அடுத்த கதவு சார். ஒரு நாள் எழுந்து போயிருக்கக் கூடாதா?

“இதைத் தாளாளர்கிட்ட ஒரு வார்த்தை நீங்க சொல்வீங்களா?” என்று கேட்டேன். அவர் என் கையை விட்டுவிட்டார்.

“அவரே போயிட்டாரு. இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?”

எனக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை. நீங்கள் பண்பின் சிகரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். லேபைக் கவிழ்த்தவள் என்ற பெயரோடு நான் இந்த ஊரில்தான் இன்னும் இருந்தாக வேண்டும்.