குடிக்காமல் வைத்த காப்பி

டமாஸ்கஸ்

என் அருமை மகன் முனீபுக்கு, அல்லாஹ் உன்னைத் தன் காவலில் வைத்திருக்கட்டும். நாங்கள் உடம்புக்குச் சுகம், மனதுக்குச் சுகமில்லை, காரணம் நீதான். புவெனஸ் அயர்ஸில் குளிர் ஆரம்பித்திருக்கும், நெஞ்சை மூடிக்கொண்டு வெளியே போ. இவ்வளவு கோபத்திலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை, அதுவும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

துருக்கிப் பட்டாளத்தில் தளபதியாக இருந்து, பாஷா பட்டத்தோடு ஓய்வு பெற்ற உன் அப்பா, வாதுமைத் தோட்டமே போதும் என்று இருந்தவர். துருக்கியர் போனதும் ஊர்ப் பெரியவர் ஹாஜி ரஸ்லான் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு வந்து, காப்பியை வாயில் வைக்காமல் கீழே வைத்தார். கேட்டது கிடைத்தால்தான் குடிப்பார்கள். நம் வீட்டில் நிறைந்த கோப்பை திரும்பியதே இல்லை, அப்பாவும் என்னவென்று கேட்காமலே 'குடிங்க, குடுத்தாச்சு' என்றார். புது நாட்டுக்கு அரசாங்கம் அமைக்கும் சபைக்குத் தலைவராக இருக்கச் சொன்னார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத ஆட்களை ஒரே மேசையில் உட்கார வைத்தார் உன் அப்பா. தனக்கென்று அவர் கேட்டது ஒரே ஒரு சட்டம், சபையில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பதவி கிடையாது. பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். 'பாஷா மொதல்ல தன் வீட்ல காட்டட்டும்' என்று ஒருவன் குத்தினானாம். 'எம் பையன் துணி விக்கிறான், வித்துக்கிட்டே இருப்பான்' என்று சொன்னாராம், அதை வீட்டிலும் வந்து பெருமையாகச் சொன்னார்.

போன வியாழக்கிழமை அதே மூன்று பேர் வந்து மறுபடி கோப்பையைக் கீழே வைத்தார்கள். சுங்க இலாகா அதிகாரி பதவியை உனக்குத் தர வேண்டுமாம், நீயே ரஸ்லானிடம் சொல்லி அனுப்பினாயாம். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? திரைக்குப் பின்னால் நின்ற எனக்கு ஒரு நிமிடம் சபலம் தட்டியது, அவர் 'குடிங்க' என்று சொன்னால் ஒன்பது வருடம் பார்க்காத பிள்ளை வீடு வந்து சேருவான். அவர் மூன்று கோப்பைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, 'என் வீட்ல இருக்கிறதைக் கேளுங்க, தோட்டமோ குதிரையோ இப்பவே தரேன், பதவி என் வீட்டுச் சாமான் இல்ல' என்றார். மூவரும் எழுந்து போய்விட்டார்கள். மூன்று கோப்பையும் அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து அவர் சபைக்குப் போகவில்லை. என் பையனே கேட்ட பிறகு ஊரான் பிள்ளைக்கு எப்படி இல்லை என்பேன் என்கிறார். அவர் போகாவிட்டால் அந்தச் சட்டம் செத்தது, ரஸ்லான் வகையறாவுக்குக் கொண்டாட்டம். இவ்வளவுக்கும் உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, 'பையனுக்கு ஊர் ஏக்கம் போல' என்றார். எனக்கு அந்தப் பெரிய மனசு கிடையாது, அதனால் நான் திட்டுகிறேன்.

பதவி வேண்டாம் என்று ரஸ்லானுக்கு உடனே தந்தி கொடு, அப்பாவுக்கும் ஒன்று கொடு. அப்புறம் கப்பலேறி வா, துணிக்கடை வைக்க இங்கேயும் தெரு இருக்கிறது. அந்த மூன்று கோப்பைகளையும் நான் கழுவவில்லை, காய்ந்துபோய்த் தட்டில் இருக்கின்றன. நீ வந்து உன் கையால் கழுவு. நீ நல்லபடி வாழ வேண்டும் என்றுதான் ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்கிறேன், இன்றைக்கும் கேட்டேன்.

கோபம் தீராத உன் அம்மா,
ஸனிய்யா