வரிசையில் நிற்காத கிறிஸ்துமஸ்

அக்கா, இன்று காலை ஷமீம் அக்கா வீட்டில் புதுத் துணி ரோலைப் பிரித்தார்கள். கஞ்சி போட்ட காட்டன் வாசனை வாசல் வரைக்கும் வந்தது. நான் ஷிஃப்ட் முடித்து வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வாசனை வந்தால் எனக்கு பெங்களூர் மொத்தக் கடைத் தெருவும், பில் போடும் மேசைக்கு முன்னால் வாயடைத்து நின்ற நீயும்தான் ஞாபகம். நீ வாயடைத்து நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

நம் லைன் வீடுகளில் இப்போது பாதிப் பேர் புதியவர்கள். ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட ஒன்பது வீடுகள், இரண்டு குழாய், இரண்டு கக்கூஸ், அதெல்லாம் அப்படியே இருக்கிறது. வருடா வருடம் ஒரே துணியில் எதற்குத் தைக்கிறீர்கள் என்று புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள். நான் சொல்கிறேன். சொல்லும்போது கோபம் வருகிறது. சொல்லி முடிக்கும்போது கர்வமாக இருக்கிறது.

நம்மைக் கம்பெனி வேலைக்கு அனுப்பும் கான்ட்ராக்டரின் பந்தலில் இருந்துதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு டிசம்பரிலும் சர்ச் பக்கத்து மைதானத்தில் அவன் போடும் பந்தல். ஃபிளெக்ஸில் குழந்தை ஏசு ஒரு மூலையில் இருப்பார், இவன் நடுவில் கைகூப்பி நிற்பான். பஸ்ஸுக்கு, யூனிஃபார்முக்கு, சாப்பாட்டுக்கு என்று வருடம் முழுக்க நம் கூலியில் பிடிப்பான். டிசம்பரில் அதில் கொஞ்சத்தை ஒரு பையில் போட்டுக் கொடுத்து, அதற்கு அன்பளிப்பு என்று பெயர் வைப்பான். ஐந்து கிலோ அரிசி, ஒரு கேக், பிள்ளைகளுக்குத் துணி. வாங்குகிறவர்கள் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

உன் ஜெனிக்கு அப்போது ஆறு வயது. மேடையில் ஏற்றி ஒரு ரோஸ் கலர் கவுனைக் கையில் கொடுத்தார்கள். போட்டோ சரியாக விழவில்லை என்று கவுனைத் திரும்ப வாங்கி மறுபடியும் கொடுத்தார்கள். பிறகு சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார், அவர் கையால் மூன்றாவது முறை. இறங்கும்போது அவள் கையில் கேக் மட்டும்தான் இருந்தது. அந்தக் கவுன் அடுத்த பெண்ணின் கையில் இருந்தது, அவளுக்கும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெனி உன்னிடம் வந்து, "அம்மா, அந்த கவுனு எனக்கா, போட்டோவுக்கா?" என்று கேட்டாள். அழாமல், நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்.

லைனுக்குத் திரும்பி வந்ததும் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, எல்லா வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னாய்: "அடுத்த வருசம் நம்ம லைன் புள்ள ஒன்னுகூட அந்த வரிசையில நிக்காது."

துணி தேய்த்துக்கொண்டிருந்த மேரியக்கா தலையைக் கூட நிமிர்த்தவில்லை. சொல்வதற்கு நல்லாத்தான் இருக்கிறது, துணி யார் எடுத்துத் தருவார், உன் மாமியாரா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புருஷன் விட்டுப்போய் மூன்று பிள்ளைகளோடு இருந்த மேரியக்காவுக்கு அந்த ஐந்து கிலோ அரிசி என்னவென்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

ஜனவரியில் நீ ஆரம்பித்தாய். வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய், அவ்வளவுதான். நாங்கள் மூன்று பெண்கள் தங்கியிருந்த அறையும் ஒரு வீட்டுக் கணக்கு. எனக்குக் கிறிஸ்துமஸ் என்றால் அதுவரை பேக்கரி வாசலில் தொங்கும் நட்சத்திரம்தான். எங்கள் நாட்றாம்பாளையத்தில் எங்கள் வீட்டில் கொண்டாடியதில்லை. "கறி திங்கறியா இல்லியா? அப்ப நூறு குடு," என்று வாங்கிக்கொண்டாய்.

காசு சேர்க்கும் டப்பாவை ஷமீம் அக்கா வீட்டில் வைத்தாய். பண்டிகை அவங்களுது இல்ல, அதனால காசு மேல கை போகாது என்று நீ காரணம் சொன்னாய். அப்படியானால் ரம்ஜான் டப்பாவை உன் வீட்டில்தான் வைப்பேன் என்று அவர் சொன்னார். அடுத்த வருடம் வைத்தார், நீயும் தொடவில்லை.

நீ மிச்சம் பிடித்த விதம் கஞ்சத்தனம் இல்லை. எது எப்போது விலை குறையும் என்று நீ கவனித்தாய். சர்க்கரையும் எண்ணெயும் டிசம்பருக்கு முன்பே மொத்தக் கடையில் வாங்கி ஒன்பதாகப் பிரித்தாய். கடைக்காரன் ஆஃபர் என்று போர்டு வைத்தால் அந்த வாரம் அந்தப் பக்கமே போகாதே என்பாய். பேக்கரி பிளம் கேக்கின் விலையைக் கேட்டுவிட்டு வந்து, குக்கரில் மணலைப் போட்டு அதற்குள் தட்டை வைத்து நீயே கேக் செய்தாய். முதல் கேக் செங்கல் மாதிரி வந்தது. அதை டீயில் ஊறவைத்துத் தின்றோம். நாலாவது கேக் பேக்கரியைத் தோற்கடித்தது.

ஆடு என்னுடைய யோசனை, அதில் எனக்குப் பெருமை உண்டு. பிப்ரவரியில் எங்கள் ஊரில் ஒரு குட்டியை வாங்கி என் அப்பாவிடம் விட்டோம். காட்டோரத்துத் தழையைத் தின்று டிசம்பரில் அது கிடாவாக நின்றது. பாதி விலைக்குப் பண்டிகைக் கறி.

பிள்ளைகளின் துணிக்கு என்று கடைசியில் மிஞ்சியது ஆயிரத்து எண்ணூறு. பதினாலு பிள்ளைகள். நீயும் நானும் பெங்களூர் போனோம். பஸ்ஸிலேயே நீ சொல்லிவிட்டாய், கன்னடம் நான் பேசிக்கறேன், நீ வாயத் தொறக்காத, தமிழ்னு தெரிஞ்சா வெலை ஏத்துவான். ஒரு கடையில் பிள்ளைகள் துணி நன்றாக இருந்தது. கன்னடத்தில் விலை கேட்டாய். கடைக்காரர் "நூர தொம்பத்து" என்றார். நீ என் காதில், "நூத்தி ஒம்பது சொல்றாரு, பேரம் பேசாத, முழிச்சிக்கப் போறாரு," என்றாய். பதினாலு உருப்படியை அளவு பார்த்து எடுத்து, மேசையில் அடுக்கி, இரண்டாயிரத்து அறுநூற்று அறுபது என்று பில் வந்தபோதுதான் நமக்குத் தெரிந்தது, அவர் சொன்னது நூற்றுத் தொண்ணூறு என்று.

நீ சண்டைக்குப் போனாய். அவர் பொறுமையாக, சுத்தமான தமிழில், "தொண்ணூறும்மா, தொண்ணூறு," என்றார். தமிழ் தெரிந்தால் முதலிலேயே பேசுவதற்கு என்ன என்று கேட்டாய். "நீங்கதானம்மா கன்னடத்துல கேட்டீங்க," என்றார்.

அப்போதுதான் நீ வாயடைத்து நின்றாய். ஒன்பது பேருக்கு எடுக்கலாம், ஐந்து பேரை விட்டுவிடலாம். நான்தான் அதைச் சொன்னேன், பெரிய பிள்ளைகளுக்குப் போன வருடத் துணியே போதும் என்று. நீ பதினாலையும் எடுத்த இடத்திலேயே திரும்ப அடுக்கி வைத்தாய். எந்த ஐந்து என்று நீ யோசிக்கக் கூட இல்லை, அக்கா. அதைத்தான் நான் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

வெளியே வந்து நான்கு கடை தாண்டி ஒரு கட் பீஸ் கடை. மாம்பழ மஞ்சளில் வெள்ளைப் புள்ளி போட்ட காட்டன், ஓரத்தில் சாயம் கொஞ்சம் இழுத்திருந்ததால் மீட்டர் ஐம்பத்தைந்து. இந்த முறை தமிழில் கேட்டாய். முப்பது மீட்டர் வாங்கினோம். திரும்பும்போது அந்த ரோல் நம் இருவர் மடியிலும் கிடந்தது. நம் லைனில் கார்மென்ட்ஸில் வேலை பார்க்காத பெண் யார்? பத்து வருடம் யார் யாருக்கோ காலர் வைத்தவர்கள். ஷமீம் அக்காவின் ஒரே மெஷினில் முறை வைத்துக்கொண்டு ஆண் பிள்ளைகளுக்குச் சட்டை, பெண் பிள்ளைகளுக்கு கவுன் என்று பதினாலையும் நான்கு நாளில் முடித்தார்கள்.

இருபத்து மூன்றாம் தேதி பந்தல். நம் லைன் பிள்ளை ஒன்றுகூடப் போகவில்லை. ஆனால் மேரியக்கா மட்டும் போய் நின்று பையை வாங்கி வந்தார். நான் அதைப் பார்த்துவிட்டேன்.

பண்டிகையன்று விடிந்ததும் முற்றத்தில் இலை போட்டுக் கறியைக் கூறு வைத்தோம். யாருக்கு நல்ல துண்டு போனது என்று பேச்சு வராமல் இருக்க, நீ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாய். நான் ஒவ்வொரு கூறாகத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்க, நீ பார்க்காமல் ஒரு பெயரைச் சொன்னாய். மேரியக்கா பெயர் வந்தபோது மட்டும் அதே கூறைத் தொட்டு மறுபடியும் கேட்டேன். எட்டுக் கூறும் முடிந்தது. நீ திரும்பி இலைகளை எண்ணினாய்.

"ஏம்மே, ஒரு கூறு எங்க?"

"வரிசையில நின்னவங்களுக்கு எதுக்கு கூறு?" என்றேன். மேரியக்கா கேட்கும் தூரத்தில்தான் இருந்தார்.

நீ கத்தவில்லை. "நான் புள்ளைங்க நிக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். அது மூணு புள்ளையும் வூட்டுல வுட்டுட்டுத் தனியா போய் நின்னுது. கோவம் வந்தா அந்தப் பந்தலப் பார்த்துக் கத்து. இங்க கத்தாத," என்றாய். பிறகு எட்டுக் கூறிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒன்பதாவதை வைத்தாய். உன் பெயருக்கு விழுந்த கூறிலிருந்து மட்டும் இரண்டு முறை எடுத்தாய். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாய்.

அன்று காலைப் பூசைக்குப் பதினாலும் மஞ்சளில் போனார்கள். நானும் வந்தேன். பட்டுப்புடவையில் ஒரு அம்மா, நம் கம்பெனியில் நிரந்தர வேலையில் இருப்பவரின் மனைவி, "எந்த ஹோம் புள்ளைங்கம்மா இவங்க?" என்று கேட்டார். அநாதை இல்லத்துப் பிள்ளைகள் என்று நினைத்துவிட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ சொன்னாய்: "எங்க லைன் புள்ளைங்க. ஒரே துணியா இருந்தா கூட்டத்துல தொலைஞ்சாலும் புடிச்சிக்கலாம். உங்க பையன் எங்க, காணோமே?" அந்த அம்மா திரும்பித் திரும்பித் தேடியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

மூன்று கிறிஸ்துமஸ் அப்படி நடத்தினாய். இந்த வருடம் ஆனியில், ஷிஃப்ட் முடிந்து ஹைவேயைக் கடக்கும்போது லாரி. அந்த இடத்தில் மேம்பாலம் வேண்டும் என்று எத்தனை மனு கொடுத்தோம் என்பது உனக்கே தெரியும். முதல் கையெழுத்து உன்னுடையதுதான். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மடல் கெட்டவார்த்தையில் முடியும், விட்டுவிடுகிறேன்.

டப்பா நிற்கவில்லை. பக்கத்து லைனில் இருக்கும் ஒடிசாப் பெண்களும் சேர்ந்துவிட்டார்கள், இப்போது பதிமூன்று வீடு. எங்கள் ஊரில் இரண்டு ஆடு நிற்கிறது. மாதம் பிறந்தால் வீடு வீடாகப் போய் வாங்குவது மேரியக்கா. கொடுக்காவிட்டால் வாசலை விட்டு நகர மாட்டார்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

உன்னை அடக்கம் செய்து இரண்டு வாரம் கழித்துக் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஒரு கவரோடு வந்தான். ஐயா உதவித்தொகை கொடுத்தனுப்பினார் என்றான். உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்தபடியே கையை நீட்டினார். அவன் கவரைப் பாதி கொடுத்து, பாதி பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனை எடுத்தான். ஜெனியையும் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னான். அவளுக்கு இப்போது பத்து வயது. அவள் வந்து கவரை எட்டி வாங்கிப் பிரித்து எண்ணினாள். பிறகு உள்ளே போய் உன் வருகை அட்டையை எடுத்து வந்து, அந்த மாதம் நீ வேலைக்குப் போன நாட்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். இருபத்திரண்டு. நாள் கூலியால் பெருக்கிப் பார்த்தாள். ஒரு ரூபாய் கூடக் கூடுதல் இல்லை.

"இது எங்கம்மா வேலை செஞ்ச காசுதானே அங்கிள்? போட்டோ எதுக்கு?"

மேலே அனுப்ப வேண்டும் பாப்பா என்று அவன் ஏதோ இழுத்தான். அவள் கவரை அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அவன் போகட்டும் என்று வாசலை விட்டு ஒதுங்கி நின்றாள். அவன் போனான். போட்டோ இல்லாமல் போனான். உன் வீட்டுக்காரர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். நானும்தான், அக்கா. நான் எப்போது குனிந்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

நம்மை மாதிரிக் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு இன்னும் கவரில்தான் சம்பளம். கையெழுத்துப் போட்டு வாங்கியதும் "தேங்க்ஸ் சார்" என்று சொல்வது எல்லோருக்கும் பழக்கம். எனக்கும் ஆறு வருடப் பழக்கம். அன்றிலிருந்து நான் சொல்வதில்லை. வரிசை பின்னால் காத்திருக்கட்டும் என்று அங்கேயே நின்று எண்ணுகிறேன். எண்ணி முடித்து, கணக்குச் சரியாக இருந்தால், "சரி" என்கிறேன்.