அக்காவின் அஞ்சலி சுவரொட்டியில் என் முகம்

அனுப்புநர்:
கே. காந்திமதி (க/பெ. கேசவன்),
ஏரிக்கரைத் தெரு,
பீர்க்கன்கரணை.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்.

பொருள்: என் படத்துடன் ஒட்டப்பட்ட கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிகளை அகற்றவும், சரியான படத்துடன் அதே இடங்களில் ஒட்ட அனுமதிக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அக்கா சரசு சென்ற வாரம் மஞ்சள் காமாலையில் காலமானார். மறுநாள் அவர் கணவர் குப்புராஜ் ஊரெங்கும் அஞ்சலி சுவரொட்டி ஒட்டச் செய்தார். அதில் பெயர் அக்காவுடையது. முகம் என்னுடையது. நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

2. அக்கா தனியாகப் படம் எடுத்துக்கொண்டதே இல்லை. குன்றத்தூர் கோயிலில் என் மகனுக்கு மொட்டையடித்த அன்று நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்தது ஒன்றுதான் உண்டு. அன்று அக்காவின் அரக்குப் பட்டுச்சேலையை நான் இரவல் வாங்கிக் கட்டியிருந்தேன். அச்சகத்தில் எந்த அம்மாள் என்று கேட்டதற்கு, மாமா சேலையைப் பார்த்து என்னைக் காட்டிவிட்டார். பதினெட்டு வருடம் அக்கா கையால் சாப்பிட்ட மனிதர், ஐயா! நேரில் போய்க் கேட்டால், "இன்னா காந்தி இப்போ, அக்கா தங்கச்சிதானே, ஒரே ஜாடையாத்தான் கீது" என்கிறார். எங்களுக்குள் ஒரு ஜாடையும் கிடையாது. சிரித்தால் அக்காவுக்குக் கன்னத்தில் குழி விழும், எனக்கு விழாது. இதையும் நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

3. காய்கறி விற்கும் பொன்னியம்மாள் என்னைக் கண்டதும் தராசைக் கீழே போட்டுவிட்டார். பஸ் நிறுத்தத்தில் என் படத்தைப் பார்த்து, "நல்ல மனுஷி, பாவம்" என்று உச்சுக்கொட்டுகிறார்கள். இத்தனை நாளில் என்னை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. வேலைக்குப் போகும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறேன். கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை.

4. கிழிக்கவும் விடமாட்டேன் என்கிறார்கள். சினிமா போஸ்டரை மறுநாளே கிழிக்கும் இந்த ஊர், அஞ்சலி போஸ்டரை மட்டும் காரியம் முடியும்வரை தொடக்கூடாது என்கிறது. டீக்கடை துரைராஜ், "செத்தவங்க மூஞ்சி மேல கை வெக்காதம்மா, பாவம் புடிச்சிக்கும்" என்று தடுத்துவிட்டார். அது என் மூஞ்சி என்று எத்தனை பேரிடம்தான் சொல்வது?

5. அக்கா வீட்டில் மாலை போட்டு மாட்டியிருப்பதும் இதே படம்தான். அக்காவின் மகள் தினமும் அதன் முன் விளக்கேற்றுகிறாள். அது அம்மா இல்லை என்று அவளுக்குத் தெரியும். அப்பாவுக்குப் பயந்து வாய் திறக்கவில்லை.

ஞாயிறன்று காரியம். அதற்குள் அந்தச் சுவரொட்டிகளைத் தங்கள் பணியாளர்களை அனுப்பி அகற்றுங்கள். அதே கோயில் படத்திலிருந்து அக்காவின் முகத்தை எடுத்து நான் அச்சடிக்கக் கொடுத்திருப்பதை அதே சுவர்களில் ஒட்ட அனுமதி தாருங்கள். இதுவரை வழியில் நின்று அழுதவர்கள் அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்துத்தான் அழுதார்கள். ஒரு நாளாவது இந்த ஊர் என் அக்காவைப் பார்த்து அழட்டும்.

இடம்: பீர்க்கன்கரணை
நாள்: 18.8.1993

இப்படிக்கு,
கே. காந்திமதி